எட்டாவது வள்ளல்

கடையெழு வள்ளல்கள் என்று ஏழு பேரோடு கணக்கை முடித்துக்கொண்டது நம் முன்னோர் செய்த அவசரம் என்றே தோன்றுகிறது. படர வழியில்லாமல் தவித்த முல்லைக்குத் தேரைக் கொடுத்தான் பாரி. மயில் குளிரில் நடுங்குவதாக எண்ணிப் போர்வையைக் கொடுத்தான் பேகன். நல்ல காரியங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் கொடுத்த கையோடு இருவரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மயிலின் கழுத்தில் கைபோட்டு ஒரு படம் எடுத்துக்கொள்ளவில்லை. தேரை விட்ட இடத்தில் கேக் வெட்டவில்லை. காலி பாட்டில் ஒன்றைக்கூடத் தம் நினைவாக அந்த மலையில் விட்டுவரவில்லை.

இந்தக் குறைகள் எதுவும் இல்லாத வள்ளல் ஒருவர் நம் காலத்தில் தோன்றியிருக்கிறார். தொடர் விடுமுறை வந்தால் குடும்பத்தோடும் கூட்டாளிகளோடும் முதுமலைக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்து, காட்டுக்கு அள்ளி வழங்கிவிட்டுப் போகிறவர். சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் கொச்சியிலும் அவர் வாழ்கிறார். பாட்டுடைத் தலைவராகும் தகுதி இத்தனை இருந்தும் அவரைப் பாட ஒரு புலவரும் முன்வரவில்லை. உரைநடையிலாவது அந்தக் கடனைத் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வள்ளலின் பெருமை விளங்க வேண்டுமென்றால் முதலில் காட்டின் வறுமை விளங்க வேண்டும். முதுமலை 1940-ல் சரணாலயமானது; தென்னிந்தியாவின் முதல் வனவிலங்குச் சரணாலயம் என்ற பெயர் அதற்கு உண்டு. 2007-ல் புலிகள் காப்பகமானது. உள்வட்டக் காடு மட்டும் 321 சதுர கிலோமீட்டர். ஒரு பக்கம் கர்நாடகத்தின் பந்திப்பூர், இன்னொரு பக்கம் கேரளத்தின் வயநாடு. 1986-ல் நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட நீலகிரிக் காடுகளின் நடுநாயகம். சொல்லிக்கொள்ள இத்தனை இருந்தும் என்ன பயன்? இவ்வளவு பெரிய இடத்தில் ஒரு ஸ்பீக்கர் கிடையாது. பொழுது சாய்ந்தால் ஒரு விளக்கு கிடையாது. யானை நாளொன்றுக்கு 150 கிலோ வரை புல்லும் தழையும் மரப்பட்டையும் தின்கிறது; உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. புலியோ பகலில் பெரும்பொழுதை நிழலில் படுத்தே கழிக்கிறது. அறுநூறு கிலோமீட்டர் கடந்து வந்திருக்கிறார்களே, எழுந்துபோய் ஒரு முகம் காட்டிவிட்டு வருவோம் என்ற மரியாதை அதற்குத் தெரிவதில்லை. இப்படிப்பட்ட இடத்தைக் கைதூக்கிவிடத்தான் நம் வள்ளல் புறப்படுகிறார்.

புறப்படுவதென்றால் சும்மா புறப்படுவதா? திட்டமிடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வாரக்கணக்கில் முன்னதாகவே வாட்ஸ்அப் குழு தொடங்கிவிடும். அதில் முதல் வாரம் முழுக்கச் சாப்பாட்டு விவாதம். புளியோதரை கெட்டுப்போகாது என்று ஒரு கட்சி. கோழியை மசாலா தடவி ஐஸ் பெட்டியில் கொண்டுபோய் அங்கேயே சுட்டுக்கொள்வோம் என்று மறு கட்சி. அடுப்பு, கரி, கம்பி, புளூடூத் ஸ்பீக்கர், பிறந்தநாள் தொப்பி என்று பட்டியல் நீளும். எல்லோருக்கும் ஒரே மாதிரி டி-ஷர்ட். நல்ல ஆரஞ்சு நிறம். எந்த மூலையில் நின்று பார்த்தாலும் கண்ணைப் பறிக்க வேண்டுமல்லவா? பைனாகுலர் அந்தப் பட்டியலில் இருக்காது. காலைப் பனிக்கு ஒரு ஸ்வெட்டர், உண்ணிக்கும் முள்ளுக்கும் ஒரு முழுக்கைச் சட்டை, முதலுதவிப் பெட்டி, பெரியவர்களுக்கு வழக்கமான மாத்திரை, எதுவும் இருக்காது. நடுராத்திரியில் யாருக்காவது நெஞ்சு வலித்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் காட்டையும் மலையையும் தாண்டித்தான் போக வேண்டும் என்பது உள்ளூரில் எல்லோருக்கும் தெரியும். வள்ளலுக்கும் தெரிந்துவிட்டால் பயணத்தில் சுவாரசியம் குறைந்துவிடும்.

சஃபாரிக்கு வண்டி பிடிப்பதிலும் அவருக்கென்று ஒரு பாணி உண்டு. முதுமலைக் காட்டுக்குள் வனத்துறையே தெப்பக்காட்டிலிருந்து காலையிலும் மாலையிலும் சுற்றுலாப் பயணிகளை வண்டியில் அழைத்துப் போகிறது. இன்ன நேரம், இன்ன தடம், இத்தனை வண்டி என்று வரையறை உண்டு. முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளலாம். கோடையில் காடு காய்ந்து தீப்பிடிக்கும் அபாயம் வந்தால் சஃபாரியை நிறுத்தியும் வைப்பார்கள். கிளம்புமுன் ஒரு போன் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் பதிவு செய்வதும் போன் போடுவதும் சாதாரண ஜனங்கள் செய்கிற வேலை. 'ஆளைப் பிடித்தால் ஆகாதது உண்டா?' என்பது வள்ளலின் வேதவாக்கு. நீலகிரிக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வேண்டும் என்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு. நீதிமன்றத்தின் மீது அவருக்கு மரியாதை அதிகம். ஆகவே வீட்டில் சோபாவில் சாய்ந்தபடி அந்த வேலையை முடித்துவிடாமல், செக்போஸ்ட்டுக்கே நேரில் வந்து, சிக்னல் கிடைக்காத இடத்தில் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, பின்னால் வரிசையாக நிற்கும் வண்டிகளின் ஹாரன் முழக்கத்தோடு அதைப் பதிவு செய்கிறார்.

தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் அவருடைய நுண்ணறிவு முழுமையாக வெளிப்படும். மசினகுடி, பொக்காபுரம், வாழைத்தோட்டம் பக்கம் சேகூர்ப் பீடபூமியில் யானைகள் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போய்வரும் வழித்தடம் இருக்கிறது. மலைக்கும் மாயாற்றுப் பள்ளத்துக்கும் நடுவே ஒடுங்கிய பாதை. வேறு வழி கிடையாது. அந்த வழியில் முளைத்த விடுதிகள் தொடர்பான வழக்கில் 2011-ல் சென்னை உயர் நீதிமன்றமும், 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் யானைகள் பக்கம் தீர்ப்புச் சொல்லின. இத்தனை ஆண்டு வழக்காடிப் பெற்ற தீர்ப்பை வள்ளல் ஒரு விரல் அசைவில் தாண்டிவிடுவார். 'அறைக்கு வாசலிலேயே யானை வரும்' என்று விளம்பரம் கண்டால் போதும், முன்பணம் பறந்துவிடும். உரிமம் இருக்கிறதா, வேலி எப்படிப்பட்டது, இருட்டிய பிறகு என்ன கட்டுப்பாடு என்று அவர் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். விருந்தோம்புகிறவரிடம் துருவித் துருவிக் கேட்பது பண்பாடு அல்ல.

பயணத்தைத் தொடங்கினால் காற்றும் பின்தங்கும். மைசூர் வழியாக வந்தால் பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. 2009 முதல் இருக்கிற ஏற்பாடு. விலங்குகள் அடிபட்டுச் சாகின்றன என்பதற்காக வந்த தடை. நம்மவர் மாலையிலேயே வந்து சேரலாம். ஆனால் குண்டல்பேட்டையில் நெய்ரோஸ்ட்டுக்குப் பிறகு ஒரு காபி, காபிக்குப் பிறகு ஒரு பீடா என்று நிதானமாக முடித்துவிட்டு, கேட் மூடச் சில நிமிடங்கள் இருக்கும்போது உள்ளே நுழைகிறார். அதன்பின் ஒவ்வொரு வேகத்தடையும் அவருக்கு ஒரு விழுப்புண். புள்ளிமான்கள் சாலையைக் கடப்பதைப் பகலில் பார்த்திருக்கிறீர்களா? முதலில் ஒன்று வந்து, சாலை ஓரத்தில் நின்று, காதை அசைத்துப் பார்த்து, சட்டென்று தாண்டும். அது தாண்டிவிட்டால் முடிந்தது என்று நாம் நினைப்போம். முடியவில்லை. பின்னால் புதரில் மந்தை நிற்கிறது. முதல் மான் போன வழியே ஒவ்வொன்றாய் வரும். இரவில் ஹெட்லைட் முகத்தில் அடித்தால் கண் கூசி நடுச்சாலையிலேயே நின்றுவிடும். அப்படி நிற்கிற மானுக்குப் பிறவிப் பிணியிலிருந்தே விடுதலை அளிக்கும் அளவுக்கு வள்ளலின் கொடை விரிந்தது. வண்டியின் முன்பக்கம் நசுங்கியதற்கு மறுநாள் அவர் வருந்துவார். நல்ல மனம்.

அறைக்கு வந்து சேர்ந்தபின்னும் அவருக்கு ஓய்வில்லை. இருட்டு மண்டிக்கிடக்கும் காட்டைப் பார்த்து அவர் மனம் பொறுக்காது. உள்ளூரில் யாராவது ஒருவர் திறந்த ஜீப்பும் சர்ச்லைட்டும் வைத்திருப்பார். 'நைட் சஃபாரி' என்று காதோடு காதாகப் பேரம் நடக்கும். வனத்துறை அப்படி எதையும் அனுமதிப்பதில்லை, பிடிபட்டால் வண்டி போகும், வழக்கு வரும் என்பதெல்லாம் சில்லறை விவரங்கள். இரவெல்லாம் இரைதேடும் சிறுத்தையின் கண்ணில் அந்த ஒளியைப் பாய்ச்சி, அரைமணி நேரமாகப் பதுங்கிப் பதுங்கிக் கிட்டத்தட்டக் கைக்கு வந்த மானை அது கோட்டைவிடச் செய்து, அன்றிரவு அதற்கு விரதப் பலன் கிடைக்க வழிசெய்கிறார். வழியில் ஒற்றைக் கொம்பன் எதிர்ப்பட்டால் திறந்த ஜீப்பில் இருப்பவர்களுக்கும் மோட்ச வாய்ப்பு உண்டு. அந்த வகையில் அவர் தனக்கென்று எதையும் ஒதுக்கிக்கொள்வதில்லை.

விடிந்தால் வனத்துறை சஃபாரி. எப்படியோ ஆளைப் பிடித்து இடம் வாங்கிவிட்டார். ஆரஞ்சு டி-ஷர்ட், அதன்மேல் அரை பாட்டில் சென்ட். யானைக்கு மோப்ப சக்தி அதிகம் என்பார்களே, அதற்கு ஓர் உபசாரம். வண்டி காட்டுக்குள் போகிறது. ஒரு திருப்பத்தில் டிரைவர் இன்ஜினை அணைக்கிறார். மேலே மரத்தில் சாம்பல் மந்தி ஒன்று இருமுவதைப்போலக் கரகரவென்று கத்துகிறது. கீழே புள்ளிமான்கள் மேய்ச்சலை விட்டுத் தலைநிமிர்ந்து, வாலை உயர்த்தி, அத்தனையும் ஒரே திசையைப் பார்த்து நிற்கின்றன. சற்றுத் தள்ளி மூங்கில் புதருக்குப் பின்னாலிருந்து கடமானின் உரத்த குரல் ஒருமுறை. கடமான் சும்மா குரல் கொடுக்காது. வழிகாட்டி, காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், கையை மெல்ல உயர்த்துகிறார். பேசாதீர்கள் என்று அர்த்தம். இந்த மௌனத்துக்காகத்தான் ஊர் ஊராகச் சனங்கள் காட்டுக்கு வருகிறார்கள். ஆனால் வள்ளல் மௌனத்தைத் தனியே அனுபவிக்கிற சுயநலக்காரர் அல்லர். உடனே வீடியோ கால் போட்டு, "அத்தை, காட்டுக்குள்ள இருக்கோம், புலி வரப்போகுதாம், லைன்லயே இருங்க!" என்று திருநெல்வேலியையும் அழைத்துக்கொள்கிறார். பின்சீட்டிலிருந்து "எங்க, எங்க?" என்று ஒரு குரல். ஒரு சிப்ஸ் பாக்கெட் படாரென்று பிரிகிறது. மூங்கில் புதருக்குள் ஏதோ அசைந்து விலகுகிறது. மான்கள் தலையைத் தாழ்த்தி மறுபடி மேயத் தொடங்குகின்றன. "ஒண்ணுமே இல்லையே, சும்மா ஏமாத்துறாங்க" என்கிறார் வள்ளல். வழிகாட்டி கையை இறக்கிக்கொள்கிறார்.

புலி ஒன்றைத் தவிர வேறு எதையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்ற கொள்கை உறுதியும் அவரிடம் பாராட்டத் தக்கது. வண்டிக்கு நேர் மேலே, உடம்பைவிட நீண்ட வாலைத் தொங்கவிட்டபடி மலையணில் ஒன்று காய் கொறித்துக்கொண்டிருந்தது. நான்கு கால்களிலும் வெள்ளைக் காலுறை போட்ட காட்டுமாடு ஒன்று, ஒரு டன்னை நெருங்கும் உடம்போடு, பத்தடி உயரப் புதரைத் தாண்டாமல் விலக்கிக்கொண்டு போனது. வானத்தில் பாறு கழுகுகள் வட்டமிட்டன. கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி மருந்து, செத்த மாட்டின் வழியாக அவற்றின் வயிற்றுக்குள் போய் இந்தியா முழுவதும் இனத்தையே கிட்டத்தட்டத் துடைத்தது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். தென்னகத்தில் அவை இன்னும் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் முக்கியமான இடங்களில் ஒன்று மாயாற்றுப் பள்ளத்தாக்கு. இப்படியொரு பறவையை அண்ணாந்து பார்த்த வள்ளல், "பருந்து" என்று ஒரே சொல்லில் கதையை முடித்தார். காலவிரயம் அவருக்கு ஆகாது.

காட்டுச் சாலையில் யானையைக் கண்டால் அவர் வீரம் விழித்துக்கொள்ளும். தெப்பக்காட்டிலிருந்து மசினகுடி போகும் சாலையில் ஒரு மாலைப்பொழுது: ஓரத்தில் ஒரு பெண் யானை, அதன் காலிடுக்கில் குட்டி. நாலைந்து கார்கள் நிற்கின்றன. எல்லாக் கதவுகளும் திறந்திருக்கின்றன. நம்மவர் மகளைத் தோளில் உட்காரவைத்து யானைக்கு முதுகைக் காட்டி நிற்கிறார், மனைவி படமெடுக்கிறார். யானை மேய்வதை நிறுத்திவிட்டது. காதுகள் விரிந்து நிற்கின்றன. துதிக்கை நுனி சுருள்கிறது. முன்காலால் மண்ணைக் கிளறி ஓர் உதை. காட்டுக்காரர்களுக்கு இது எச்சரிக்கை. அடுத்தது ஓட்டம் என்று அவர்களுக்குத் தெரியும். வள்ளலுக்கு மொழி வேறு. "பாரு பாப்பா, ஆனை ஹாய் சொல்லுது, நீயும் சொல்லு" என்கிறார். பின்னால் நின்ற ஜீப்பிலிருந்து உள்ளூர் இளைஞர் ஒருவர், "சார், குட்டி இருக்கு சார், வண்டில ஏறுங்க சார்" என்று கெஞ்சுகிறார். "நாங்க பாக்காத ஆனையா தம்பி? குருவாயூர்ல எவ்வளவு பாத்திருக்கோம்!" என்று பதில் வருகிறது. அன்று யானைக்குத்தான் பெருந்தன்மை. குட்டியைத் தள்ளிக்கொண்டு காட்டுக்குள் இறங்கிவிட்டது. எல்லா யானையும் அப்படி விட்டுக்கொடுத்துவிடாது. 2025 ஆகஸ்டில் பந்திப்பூர்ச் சாலையில் படமெடுக்க யானையை நெருங்கிய ஒருவரை அது துரத்திக் கீழே தள்ளி மிதித்தது. உயிர் தப்பியது பெரும் பாக்கியம். வனத்துறை அவருக்கு 25,000 ரூபாய் அபராதம் விதித்தது. இத்தனை செலவில், இத்தனை அருகில் எடுக்கப்பட்ட படம் அந்த ஆண்டில் வேறு இருக்குமா தெரியாது. புலிகள் காப்பகச் சுற்றுலாவுக்கான தேசிய விதிகளில் விலங்கிடமிருந்து 20 மீட்டருக்கு மேல் விலகியிருக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அதை எழுதியவர்கள் கைபேசிக் கேமராவின் கஷ்டம் தெரியாதவர்கள்.

இனி அவருடைய அன்னதானம். சாலையோரக் குரங்குகளுக்கு மசாலா சிப்ஸ், மான்களுக்குக் கிரீம் பிஸ்கட், யார் வந்தாலும் வாழைப்பழம். குரங்கு நன்றி மறக்காத பிராணி. ருசி கண்ட குரங்கு காட்டுப் பழத்தைத் தேடி அலைவதை விட்டுவிட்டுச் சாலையிலேயே குடியேறுகிறது. பையின் ஜிப்பைத் திறக்கக் கற்கிறது. அடுத்து வரும் குழந்தையின் கையிலிருப்பதைப் பறிக்கிறது, பறிக்கும்போது கடித்தும் வைக்கிறது. வண்டியில் அடிபட்டுச் சாவதும் சாலையில்தான். பிஸ்கட்டைவிட உறையை வழங்குவதில் வள்ளலுக்கு இன்னும் தாராளம். உறையில் ஒட்டியிருக்கும் உப்புக்காக மான் அதை நக்கும். நக்கி, மென்று, விழுங்கும். குடலில் அடைத்துக்கொண்டால் தின்ன முடியாது, மெலிந்து விழும். யானைப் பிண்டத்தைக் கிளறினால் வெளியே வரும் பிளாஸ்டிக்கை நீலகிரியில் பார்க்காத வனக் காவலர் இல்லை. சரணாலயத்தில் குப்பை போடுவதும் விலங்கைச் சீண்டுவதும் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தானம் செய்கிற கையைச் சட்டம் தடுக்கப் பார்ப்பது இந்த நாட்டின் துரதிர்ஷ்டம்.

ஒரே ஒரு கொடையைப் பற்றி மட்டும் பாராட்டுரை எழுதும் வல்லமை எனக்கு இல்லை. 2021 ஜனவரியில் மசினகுடியில், தங்கும் விடுதி ஒன்றின் பக்கம் வந்த யானையை விரட்ட, தீப்பற்றிய டயரை அதன்மேல் வீசினார்கள். தலையில் எரிகிற நெருப்போடு அது இருட்டுக்குள் ஓடுகிற காட்சியை நாடே பார்த்தது. ஏற்கெனவே காயம்பட்டிருந்த அந்த யானை, சிகிச்சைக்காகத் தெப்பக்காடு யானைகள் முகாமுக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தது. வாசலுக்கே யானை வரும் என்று விளம்பரம் செய்து பணம் வாங்குவதும், வந்த யானையை இப்படி வழியனுப்பி வைப்பதும் ஒரே தொழிலின் இரண்டு பக்கங்கள். அந்த விளம்பரத்துக்கு முன்பணம் கட்டியவர்களுக்கும் இந்தப் புகழில் பங்கு உண்டு. விட்டுக்கொடுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

தெப்பக்காடு முகாமைச் சொல்லாமல் விட்டால் பாராட்டு முழுமை பெறாது. 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணக் குறும்படம் 2023-ல் ஆஸ்கர் வாங்கிய பிறகு, கலை ரசனை கரைபுரண்டு இங்கே வந்து சேர்ந்தது. தாயை இழந்த குட்டியை இரவும் பகலும் பாலூட்டி வளர்த்தெடுத்த பழங்குடிக் குடும்பத்தின் கதை அது. அந்த உழைப்பின் மகிமையை முழுதும் உணர்ந்த வள்ளல், முகாமில் கேட்கும் முதல் கேள்வி: "இதுல ஆஸ்கர் வாங்குன ஆனை எது?" ராகியும் கொள்ளும் கலந்த கவளத்தைப் பாகன் யானையின் வாய்க்குள் வைத்துக்கொண்டிருக்கிறார், அவர் வேலை கெட்டுவிடக் கூடாதே என்று அவரை இந்தப் பக்கம் திரும்பச் சொல்லி இரண்டு படம் மட்டும் எடுத்துக்கொள்கிறார். கும்கி என்றால் என்ன, காவடி என்பவர் பாகனுக்கு என்ன உதவி செய்கிறார், ஊருக்குள் வந்த காட்டு யானையைத் திருப்ப இந்த யானைகள் எப்படிப் போகின்றன என்று கேட்டிருந்தால் பாகன் ஒரு மணி நேரம் சொல்லியிருப்பார். ஏழை மனிதரின் நேரத்தை வீணாக்க வள்ளலுக்கு மனம் வரவில்லை.

ஊர் திரும்பியதும் அவர் எழுதும் மதிப்புரை இலக்கியத் தரம் வாய்ந்தது. 'ஒரு புலிகூட இல்லை. நாலு மான், கொஞ்சம் குரங்கு. பணம் தண்டம். ஒரு நட்சத்திரம்.' காட்டையே நேரில் கண்டவரின் துல்லியம் இதில் இருக்கிறது. மூங்கில் புதருக்குள் விலகிப்போனது எது என்று மட்டும் எழுதவில்லை. தன்னடக்கம்.

இத்தனை வள்ளல்கள் வந்துபோகும் காட்டுக்குச் சில கருமிகளும் வந்துபோகிறார்கள். நியாயம் கருதி அவர்களையும் இங்கே கண்டிக்க வேண்டியிருக்கிறது. ஈவு இரக்கம் இல்லாத ஆட்கள். காட்டுக்கு எதுவுமே கொடுக்கமாட்டார்கள். வனத்துறை வண்டிக்கு முன்கூட்டியே பதிவு செய்வார்கள். கிளம்புமுன் போன் போட்டு, சஃபாரி நடக்கிறதா என்று கேட்பார்கள். இ-பாஸை வீட்டிலேயே எடுத்துவிடுவார்கள். இரண்டு காலை, இரண்டு மாலையாவது காட்டில் இருப்பதுபோல நாளை ஒதுக்குவார்கள்; ஒரே சவாரியில் எல்லாம் தெரிந்துவிடாது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். விடுதிக்காரரிடம் உரிமத்தைப் பற்றிக் கேட்டு அவர் மனத்தைப் புண்படுத்துவார்கள். சாயம் போன பச்சை, மங்கிய பழுப்பு என்று துணியில்கூடக் கஞ்சத்தனம். சென்ட் கிடையாது, பாட்டு கிடையாது. இருட்டுமுன் அறைக்கு வந்து அடங்கிவிடுவார்கள். அறைக்கும் உணவுக்கூடத்துக்கும் நடுவே நடக்கக்கூட டார்ச்சும் விடுதி ஆளும் வேண்டும் என்பார்கள். சாலையில் யானை நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்தி, ஹாரனும் அடிக்காமல், ஃபிளாஷும் போடாமல், கதவையும் திறக்காமல், அது போகும்வரை காத்துக்கிடப்பார்கள். அது எதிரே நடந்து வந்தால் சத்தமில்லாமல் பின்வாங்குவார்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவே போவதில்லை என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்பார்கள். கொண்டுவந்த குப்பையைக்கூடக் காட்டுக்குத் தராமல் பையில் கட்டி ஊருக்கே எடுத்துப் போவார்கள். இதைவிடக் கேவலமான கஞ்சத்தனம் உண்டா?

இந்தக் கருமிகள் கொண்டுபோவதைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. கடமானின் குரலைக் கேட்டிருக்கிறார்கள். பாறு கழுகின் கழுத்தைப் பைனாகுலரில் பார்த்திருக்கிறார்கள். செந்நாய்க் கூட்டம் சாலையைக் கடக்கும்போது அதில் குட்டிகள் எத்தனை என்று எண்ணியிருக்கிறார்கள். புலி தென்படாத நாளிலும் மண்ணில் பதிந்த கால் தடத்தை வழிகாட்டி விரலால் சுற்றிக் காட்ட, வண்டியில் இருந்தபடியே எட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியாக வீடு திரும்பியிருக்கிறார்கள். வள்ளல் கட்டிய அதே கட்டணம்தான் அவர்களும் கட்டினார்கள்.

அடுத்த விடுமுறைக்கு முதுமலை என்றோ பந்திப்பூர் என்றோ முடிவு செய்திருக்கும் வாசகருக்கு ஒரு வார்த்தை. காட்டுக்குக் கொடுக்க நம்மிடம் எதுவும் இல்லை. அது நம்மிடம் எதுவும் கேட்கவும் இல்லை. வனத்துறை வண்டியிலேயே போங்கள். இருட்டுமுன் அறை சேருங்கள். விலங்கைக் கண்டால் வண்டியை விட்டு இறங்காதீர்கள், எதையும் தின்னக் கொடுக்காதீர்கள், வாயை மூடிக்கொண்டு பாருங்கள். குப்பையோடு வீடு திரும்புங்கள். நீங்கள் பத்திரமாகத் திரும்பவும், பார்த்தது பல காலம் மனத்தில் நிற்கவும் இவ்வளவு கஞ்சத்தனம் போதும்.